மறுகூட்டல்

"அஞ்சே அஞ்சு மார்க்தானே சார்!"

பேராசிரியர் நிமிரவில்லை. திருத்திய விடைத்தாள்களை அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தஞ்சுன்னா முப்பத்தஞ்சுதாம்மா. நாப்பது ஆகாது."

அவள் நகரவில்லை. குடிநீர் நிலையத்தில் பம்ப் இயக்குகிறவள். பகல் ஷிப்ட் முடித்து, மாலை வகுப்புக்கு ஓடி வருகிறவள். கூடப் படிப்பவர்கள் எல்லாரும் 'அக்கா' என்று கூப்பிடுகிற வயது. மற்றப் பாடங்களில் எல்லாம் எப்படியோ தேறிவிட்டாள். வகைக்கெழுச் சமன்பாடுகளும் நேரியல் இயற்கணிதமும் சேர்ந்த இந்த ஒரு பாடம்தான் காலை வாரிவிட்டது.

"படிக்கறதுக்கு ஆபீஸ்ல குடுத்த அனுமதி இந்த வருஷத்தோட முடியுது சார். திரும்பத் தர மாட்டாங்க. டிகிரி இல்லன்னா நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் பம்ப் ரூம்லதான்."

"அதுக்கு நான் மார்க் போட முடியுமா?"

மாணவர்கள் அவருக்கு 'கஞ்ச மகாபிரபு' என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்ப மறுகூட்டலுக்கு எழுதிக் குடுத்துடறேன் சார்."

கயிறு கட்டிய கை நின்றது. அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார்.

"வேண்டாம். பேப்பரைக் கேக்காதீங்க."

"ஏன் சார்?"

"சொன்னாக் கேளுங்கம்மா. அடுத்த மாசம் மறுதேர்வு இருக்கு. போய்ப் படிங்க."

வீட்டில் அவள் கணவன் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான். இரண்டு வருஷமாகச் சமையல் அவன் பொறுப்பு. அவளுடைய மார்க்கில் அவனுக்கும் பங்கு உண்டு.

"பேப்பரைக் கேக்காதேன்னாரா? வாயாலயே சொன்னாரா?"

"ஆமாங்க."

"அப்ப ஏதோ கோட்டை விட்டிருக்காரு. பெரிய பெரிய கணக்கு போடறவங்களுக்கு சின்னக் கூட்டல்தான் வராது. நீ விடாதே. நாளைக்கே எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள்.

நாலாம் நாள் தேர்வுப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கிருந்த எழுத்தர் அம்மா விடைத்தாளை மேஜையில் வைத்து, கூடவே ஒரு படிவத்தையும் நீட்டினாள்.

"பத்து நிமிஷம். கூட்டிப் பாருங்க. சரியா இருந்தா கீழ கையெழுத்து. தப்புன்னா மேல எழுதுங்க, கமிட்டிக்கு அனுப்பிடுவேன். யார் திருத்தினாங்களோ அவங்க வந்து பதில் சொல்லியாகணும்."

"சொல்லட்டும்" என்றாள் இவள்.

ஐந்து கேள்விகள். பக்கத்தைப் புரட்டினாள். முதல் கேள்விக்கு ஏழு. இரண்டாவதுக்கு நாலு.

மூன்றாவது, குழாயால் இணைத்த இரண்டு தொட்டிகளின் கணக்கு. ஒன்றில் உப்புத் தண்ணீர். மற்றொன்றில் நல்ல தண்ணீர் வந்து விழுந்து, கலந்த தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. எந்த நேரத்தில் எவ்வளவு உப்பு மிஞ்சும்? அணியை எழுதி, ஐகன் மதிப்பு வரை சரியாகத்தான் போயிருந்தாள். ஒரு குறியை மாற்றிப் போட்டிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'நேரம் ஆக ஆக உப்பு பெருகுமா? உங்கள் தொட்டியில் அப்படித்தான் நடக்கிறதா?'

தினமும் தொட்டியோடு குப்பை கொட்டுகிறவள். காது சூடாகிவிட்டது. ஆனாலும் ஆறு போட்டிருந்தார்.

நாலாவதுக்கு ஐந்து. ஐந்தாவதுக்கு ஏழு.

கூட்டினாள். இருபத்தொன்பது.

சரியாகப் பார்க்கவில்லையோ என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, விரல் விட்டு எண்ணினாள். இருபத்தொன்பதேதான். முகப்பில் கொட்டை எழுத்தில் முப்பத்தைந்து.

கணவன் சொன்னது சரி. கூட்டல் தப்பு. ஆனால் தப்பு இந்தப் பக்கம் இருக்கும் என்று அவனும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

எழுத்தர் அம்மா அதற்குள் முகப்பை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"முப்பத்தஞ்சா? தப்பிச்சீங்க போங்க!"

"ஃபெயில்தானேம்மா, இதுல என்ன தப்பிக்கறது?"

"அட, புது விதி தெரியாதா? இந்த வருஷத்துலேருந்து முப்பத்தஞ்சுக்குக் கீழே போனா மறுதேர்வு கிடையாது. வருஷம் முழுக்கத் திரும்ப உட்காரணும். காலையில ஒரு பொண்ணு இங்கேயே உட்கார்ந்து அழுதுட்டுப் போச்சு. வேற டிபார்ட்மெண்ட். முப்பத்து நாலாம்."

அவள் விடைத்தாளை மெல்ல மூடினாள்.

'சொன்னாக் கேளுங்கம்மா' என்று அவர் சொன்னபோது இருந்த முகம் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அன்றைக்கு அதை அவள் திமிர் என்று நினைத்தாள். அந்த மனிதர் பயந்திருக்கிறார்.

"என்னம்மா, கூட்டல் சரியா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு அப்பவே தெரியும். அந்த ஆளு பேப்பரா இது? அரை மார்க்கைக் கூட சும்மா தர மாட்டாரே. சரியான கஞ்சன்!"

"ஆமாம்மா" என்றாள் அவள், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "மகா கஞ்சன்."