நாலடித் தொட்டி

"இந்தக் கண்ணாடிக் கிண்ணம் போதும்ங்க. ரெண்டு தங்க மீன் போட்டுக் குடுத்துடுங்க."

மீன் கடையில் நாத்தனார் இப்படிச் சொல்லிவிட்டு, வந்த வேலை முடிந்த மாதிரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூட வந்த தம்பி மனைவி, அந்த வீட்டு மருமகள், வரிசையாக இருந்த தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் கிண்ணத்தை எடுத்து, இருந்த அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டார். கிண்ணம் பூப் போட்டு வைக்கத்தான் லாயக்கு என்றார். தங்க மீன் இன்றைக்கு விரல் நீளம்தான், விட்டால் முழங்கை வரைக்கும் வளரும். கிண்ணத்தில் விட்டால் தன் அழுக்கிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று ஒரு பிரசங்கமே செய்தார். இவர் மீன் விற்கிறவரா, மீனுக்கு வக்கீலா என்று நாத்தனாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வைக்கிற இடம் எவ்வளவு நீளம்?" என்று கேட்டார்.

"ரெண்டரை அடி" என்றாள் மருமகள், பட்டென்று.

"அப்போ ரெண்டடித் தொட்டி எடுத்துக்கோங்க. கப்பி மீன் ஒரு பத்து விடலாம். பொடி மீன், அதுக்கு மேல வளராது. கச்சிதமா இருக்கும்."

நாத்தனாருக்கும் அது சரியென்றே பட்டது. மீன் அவளுடைய அப்பாவுக்கு. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலத்தை ஓட்டியவர், அம்மா போனதிலிருந்து பத்து மாதமாகக் கட்டிலே கதி என்று கிடக்கிறார். சாப்பாடு, பேப்பர், மாத்திரை எல்லாம் அறைக்கே போகிறது. இது வேண்டும், அது வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. போன வாரம்தான் முதல் முறையாக, கட்டில் பக்கத்தில் ரெண்டு மீன் இருந்தால் பார்த்துக்கொண்டே கிடப்பேன் என்றார். நாத்தனார் அதைக் கேட்டு அழுதேவிட்டாள்.

மருமகள் கடையை ஒரு சுற்று சுற்றி வந்து, மூலையில் இருந்த பெரிய தொட்டியின்மேல் கை வைத்தாள். நாலடி நீளம்.

"இதையே குடுங்க. தங்க மீனே நாலு விடுங்க."

"இதை அப்பா ரூம்ல எங்க வைப்ப?" என்றாள் நாத்தனார். "கட்டிலைத் தூக்கி வெளிய போட்டுட்டா?"

"ஹால்ல வைக்கலாம் அண்ணி."

நாத்தனாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளக்கவேண்டும், அதற்கு அப்பாவின் ஆசை ஒரு சாக்கு. மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. "கேட்டது அப்பா. பவிசு காட்டிக்கறது நீ" என்று கடையிலேயே சொல்லிவிட்டாள். மருமகள் பணத்தை எண்ணி நீட்டினாள். கடைக்காரர், மீனுக்கு நல்ல காலம் என்றார்.

ஆற்றாமையில் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் மத்தளம். இரண்டு பக்கமும் இடி வாங்கிப் பழகியவன். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க அக்கா என்று நழுவிவிட்டான்.

தொட்டி வீட்டுக்கு வந்து, தண்ணீர் பதமாகி, மீன் விட ஒரு வாரம் ஆனது. மறுநாள் அப்பாவைப் போனில் விசாரித்தாள்.

"மீன் வந்துடுச்சாப்பா?"

"வந்துடுச்சாம். ஹால்ல இருக்காம்."

இருக்கு என்று சொல்லவில்லை. இருக்காம். ஒரே வீட்டில் பத்தடி தூரத்தில் இருக்கிற மீனைப் பற்றி, யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட மாதிரி. அந்த ஒரு எழுத்து அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. எங்கப்பாவுக்கு நான் வாங்கிக்கறேன் என்று வேறொரு கடையில் கிண்ணமும் இரண்டு மீனும் வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள்.

வாசற்கதவு திறந்தே இருந்தது.

அப்பா ஹாலில் இருந்தார். முகச்சவரம் செய்து, சட்டைக்குப் பொத்தான் போட்டு, தொட்டிக்கு எதிரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே நாலு மீனும் தீனிக்காக ஒரே மூலையில் முட்டிக்கொண்டிருந்தன.

"எல்லாம் ஒரே இடத்துல நின்னா எப்படி? உள்ள போ, உள்ள போ. உள்ள எவ்வளவு இடம் காலியா கிடக்கு பாரு."

அந்தக் கண்டக்டர் குரலைக் கேட்டுப் பத்து மாதம் ஆகிறது. ஆனாலும் கொண்டுவந்த கோபத்தைத் திருப்பி எடுத்துப்போக நாத்தனாருக்கு மனமில்லை. குளியலறையில் மருமகள் வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, இந்தக் கிண்ணத்தை உங்க ரூம்லயே வச்சுடறேன். நீங்க கேட்டது இதுதானே. அவளுக்கு அளவே தெரியல. இடம் ரெண்டரை அடின்னு அவளே சொல்லிட்டு, நாலடியை வாங்கிட்டு வந்து நிக்கறா."

அப்பா கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே திரும்ப இடமில்லாமல் நின்ற மீன்களைப் பார்த்தார். பாவம், இதுகளும் இங்கயே வரட்டும் என்றார். பிறகு குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளை அருகில் இழுத்தார்.

"அளவு தெரியாமலா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி என் ரூமுக்கு வந்து டேப் வச்சு ரெண்டு தடவை அளந்தாம்மா. நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டா. 'அப்பாடா, நாலடின்னா இங்க அடங்காது, மாமா எந்திரிச்சு வந்துதான் ஆகணும்'னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டுப் போனா."