பெத்தணனுக்காக ஒரு சீட்டு

“பெத்தணன் பிழைக்க வேண்டும்.”

போதகர் ஜெயச்சந்திரன் சீட்டை வாசித்ததும் கோயில் அமைதியாகிவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் “கர்த்தாவே, இரங்கும்” என்று சொல்லும் சபை, இந்தப் பெயருக்கு மட்டும் ஐந்தாவது மாலையாக வாய் திறக்கவில்லை.

ஆமத்தூர் லுத்தரன் கோயிலில் அது 2004ஆம் வருஷத்து லெந்து என்னும் தவக்காலம். லெந்து நாட்களின் சாயங்கால ஜெபத்துக்கு வருகிறவர்கள், யாருக்காக வேண்டுமானாலும் பெயரை எழுதி வாசல் பெட்டியில் போடலாம். எழுதியது யாரென்று கேட்பதில்லை. ஒரே கட்டுப்பாடு, பெயருக்குரியவர் உயிரோடு இருக்க வேண்டும். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது இந்தச் சபையில் வழக்கமில்லை.

ஆகவே இசைவாணியின் பெயர் பெட்டிக்குள் வராது. அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் இறந்து பன்னிரண்டு நாளாகிறது.

வெயில் ஏறிய பிறகு வெடிமருந்து கலக்கக் கூடாது என்பது பட்டாசு வேலையின் முதல் பாடம். சூடேறிய மருந்துக்கு லேசான உரசலே போதும், பற்றிக்கொள்ளும். ஆர்டர் அவசரம் என்று போர்மேன் பெத்தணன், நடுப்பகலில் இசைவாணியை உதவிக்குக் கூட்டிக்கொண்டு மருந்து அறைக்குப் போனார். மற்ற அறைகளிலிருந்து தள்ளித் தனியாகக் கட்டிய அறை அது; உள்ளே இருந்தது அவர்கள் இருவர்தான். வெடித்ததில் அவள் போய்விட்டாள். அவர் மதுரை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார்.

ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்ததும் சபை மூப்பர் வெள்ளைத்துரை போதகரை மடக்கினார்.

“அவன் பொண்டாட்டிதான் தெனமும் வந்து போட்டுட்டுப் போறா போல. அவுகளுக்கு அம்புட்டுக் கோயில் கெடக்கு, நம்ம பெட்டிதான் கெடச்சுதாக்கும்!”

“எழுதுனது யாருன்னு கேக்கக் கூடாதுன்னு சொல்றதே நீங்கதானே மூப்பரே?”

“அது சரிய்யா. மூணாவது பெஞ்சுல பொன்னுத்தங்கம் உக்காந்திருக்கா, பெத்த மகளப் பறிகொடுத்துட்டு. கொன்னவன் பேர தெனமும் அவ காதுல போடணுமா? எம்புட்டுத்தான் தாங்குவா?”

அந்தப் பெயரை வாசிக்கும்போதெல்லாம் பொன்னுத்தங்கம் தலை கவிழ்வதைப் போதகரும் பார்த்திருக்கிறார்.

“நாளையிலேருந்து வாசிக்கல” என்றார்.

மூப்பர் கிளம்பியதும் விளக்கை அணைக்கத் திரும்பியவர், தூணருகே பொன்னுத்தங்கம் நிற்பதைக் கண்டார். பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“வாசிக்காம விட்றாதீக ஐயா. நாளைக்குள்ளதும் எழுதி வச்சிட்டேன்.”

கையிலிருந்த பட்டாசு லேபிளை நீட்டினாள். அதன் வெள்ளைப் பின்புறத்தில் அதே பெயர், அதே கையெழுத்து.

போதகருக்குக் கண் கலங்கியது. சத்துருக்களைச் சிநேகிக்கச் சொல்லி இருபது வருஷமாகப் பிரசங்கம் செய்கிறவர் அவர். செய்து காட்டும் ஒருத்தியை இன்றுதான் பார்க்கிறார்.

“எவ்வளவு பெரிய மனசும்மா ஒனக்கு! அவரையே மன்னிச்சிட்டியே.”

“மன்னிக்கவா? எம்மவ கடைசியாச் சொன்ன வார்த்தையக் கேட்டவன் அவன் ஒருத்தந்தான் ஐயா.”