வேகன் பலகை

“ரயிலுன்னா இரும்பு மேல உக்காரும். இங்க சேத்துலதான உக்காரும்? எடுங்க பாய் அந்தப் பலகைய,” என்றார் காசி.

அமீனுல்லாவுக்கு எரிச்சல் வந்தது. ஜமுனாமரத்தூரில் ஒரு டிராக்டரை இறக்கிவிட்டு ஆலங்காயம் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். காலையில் பெய்த மழை வழியிலிருந்த சிறுபாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. பத்தடி அகலத்துக்குப் பள்ளம்; கீழே வெள்ளம். கால் வைக்க முடியாது. செல்போனும் எடுக்கவில்லை. அவர் லாரிக்கு முன்னால், காசியின் உறவுக்காரப் பையன் ரஞ்சித்தின் ஜீப் நின்றது.

விரியன் கடித்து முக்கால் மணி நேரம் ஆகிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஜீப்புக்குள் காசியின் சம்சாரம் பச்சையம்மா சுருண்டு உட்கார்ந்து அரற்றிக்கொண்டிருந்தாள். இந்த மனுஷரோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பாறைமேல் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறார்.

பலகை என்றால் மரப் பலகை இல்லை. பழைய ரயில் வேகனில் இருந்த இரும்பு மடக்குப் பலகைகள், ஒரு ஜோடி. டிராக்டர் ஏற்றி இறக்க ஏலத்தில் எடுத்தவை. அவற்றைத்தான் பள்ளத்துக்குக் குறுக்கே விரித்துப் போட்டிருந்தார் அமீனுல்லா. பட்டாளத்து ஜீப்புகள் ஒரு வேகனிலிருந்து அடுத்த வேகனுக்குப் போக இதைத்தான் விரிப்பார்கள், பட்டாளத்தார் ஆற்றுக்குக் குறுக்கே போடும் பாலமும் இப்படித்தான் மடிந்து விரியும் என்று அமீனுல்லா சொல்லிப் பார்த்தார்.

“பட்டாளத்துக்காரன் கரைய பாக்காமலா போடுவான்?”

பலகை நுனிகளுக்கு அடியில், இரண்டு கரையிலும் கல் பரப்பச் சொன்னார் காசி. வந்து நின்ற நாலு பேரும் சேர்ந்து பரப்பினார்கள். அதோடு விட்டாரா? முதலில் காலி ஜீப்தான் போக வேண்டும் என்றார். பச்சையம்மாவை இறங்கச் சொன்னார். அவள் அழுதுகொண்டே இறங்கினாள்.

பெண்டாட்டி உயிர் போகிற நேரத்தில் இப்படி ஒரு ஆளா என்று அமீனுல்லா பல்லைக் கடித்தார்.

“நேரமில்ல மாமா,” என்றான் ரஞ்சித்.

“கைக்குழந்தைய வூட்ல வெச்சினு எங்கிட்ட இன்னாடா வாயி? கதவத் தொறந்து வெச்சினே ஓட்டு. சரிஞ்சா குதிச்சிடு.”

ஜீப் ஏறியது. பாதி தாண்டியதும் அக்கரை மண் பொலபொலவென்று சரிந்தது. பலகை ஒரு பக்கம் ஒரு சாண் இறங்கி, அடியிலிருந்த கல்லில் முட்டி நின்றது. ரஞ்சித் மிதித்த மிதியில் ஜீப் அக்கரை சேர்ந்தது.

அமீனுல்லா எட்டி அந்தக் கல்லைப் பார்த்தார். வேகன் தரையில் வைப்பதுபோல அவர் வெறும் மண்ணில்தான் வைத்திருந்தார். அந்தக் கல் இல்லையென்றால் ரஞ்சித் வெள்ளத்தில் போயிருப்பான்.

பச்சையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விடுவிடுவென்று பலகைமேல் நடந்து அக்கரைக்குப் போனாள். ஜீப்பின் பின்சீட்டில் துணியை விரித்துப் போட்டாள். அமீனுல்லா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காசி பாறையில் இருந்தபடியே அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“நல்ல பலகைதான் பாய். நம்பாம பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க. இந்த உதவிய சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்.” கம்பளியை விலக்கினார். வலது கால் முழங்கால்வரை வீங்கிக் கிடந்தது. “இப்ப என்னத் தூக்கினு போயி ஜீப்புல வுடுங்க.”