முதல் மாணவர்

இந்த ஒரு மணி நேரம்தான் நான் நானாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் யசோதரா. மணலி புதுநகர் வீட்டுச் சமையலறையில் மீன் குழம்பு கொதிக்க, பக்கத்தில் மடிக்கணினியில் வேதியியல் வகுப்பு நடந்தது.

“எக்ஸ்ரே பட்டதும் கலவையில் என்னென்ன உலோகம் இருக்குன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் ஆசிரியர்.

‘ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும்’ என்று தட்டி அனுப்பினாள்.

கூடத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்த கணவன் கத்தினான். “இன்னாமே, கொழம்பு ஆச்சா?”

“வேலைக்குத்தான் அனுப்ப மாட்டேன்னுட்ட. இதையாவது நிம்மதியா கேக்க வுடுய்யா.”

“சபாஷ், எழிலன்!” என்றார் ஆசிரியர். “உங்க பேக்டரி ஆளுங்கள்ல நீங்கதான் முதல். புது ஆய்வகப் பொறுப்பு உங்களுக்குத்தானாம். மேனேஜர் பாக்கணும்ங்கறார், கேமராவைப் போடுங்க.”

தன் பெயரைக் கேட்டதும் கணவன் உள்ளே ஓடிவந்தான். “எந்திரிமே, சீக்கிரம்! நா குந்திக்கிறேன்.”

யசோதரா எழுந்திருக்கவில்லை. கேமராவைப் போட்டாள்.