கேட்டால்தான் தண்ணீர்

காலை ஏழு மணி. மூன்றாவது தடவையாகக் காவேரி டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் மாணிக்கவாசகம், அசைக்க முடிந்த இடது கையை நீட்டித் தண்ணீரைக் காட்டினார்.

"விரலு வேண்டாம். வாயால கேளுங்க. என்ன வேணும்?"

அவர் வாய் கோணியது. எச்சில்தான் வழிந்தது.

முந்தின நாள் கௌதள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அவருடைய அக்கா பொன்னம்மா பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்தாள்.

"ஏம்புள்ள, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? தண்ணிக்குத் தவிக்கறான் என்ற தம்பி!"

"ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்க அண்ணி. பக்கவாதத்துல போன பேச்சைக் கொழந்தைக்குச் சொல்லித் தர்ற மாதிரி மறுபடியும் சொல்லித் தரணுமாம். 'த'ன்னு ஒரு சத்தம் வந்தாப் போதும், ஒடனே குடுத்துடுவேன்."

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி பசம்மா எட்டிப் பார்த்தாள். "அய்யோ பாப, பாவமே! எங்க வீட்டு நாய்க்கே கேக்காம தண்ணி வைக்கறேன் நான்."

"பாத்தியா? ஊரே சிரிக்குது" என்றாள் பொன்னம்மா.

நான்காவது தடவை, 'த்' என்று மூச்சு மாதிரி ஒன்று வந்தது. அது வந்த வேகத்தில் டம்ளர் அவர் வாய்க்குப் போனது. காவேரியின் அவசரத்தில் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

பொன்னம்மா அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி மாதேஸ்வர சாமியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

மாணிக்கவாசகத்துக்கு நூல் மில்லில் டைம் கீப்பர் வேலை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் கேட்டில் நின்று ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தசரா முடிந்ததும் வந்து கூப்பிட்டால் வேலை உண்டு, இல்லையென்றால் வேறு ஆள் என்று மானேஜர் சொல்லி அனுப்பிவிட்டார். ஆகஸ்ட் பாதி ஓடிவிட்டது. மில் சங்கு ஊதும்போதெல்லாம் அவர் உதடு அசையும். சத்தம் வராது.

ஊதுபத்திக் கம்பெனிக்குக் கிளம்பிய காவேரி வாசலில் திரும்பி நின்றாள்.

"அண்ணி, அவரு பாத்தார்னு குடுத்துடாதீங்க. கேக்க வைங்க."

"சரி சரி, போ."

அவள் தெருமுனை திரும்பியதும் பொன்னம்மா சொம்போடு வந்தாள்.

"குடி சாமி. அக்கா இருக்கறப்ப நீ எதுக்கு வாயத் தொறக்கோணும்?"

தண்ணீருக்குப் பின் காப்பி. காப்பிக்குப் பின் வாழைப்பழம். அவர் பார்த்தால் போதும். போகப்போக, பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை. தம்பி முகம் தெளிந்துவிட்டதாகப் பொன்னம்மாவுக்குத் தோன்றியது.

இரண்டு வாரத்தில் அந்த 'த்'தும் நின்றுபோனது.

காவேரி டம்ளரைக் கீழே வைத்தாள். "வந்துட்டிருந்ததே அண்ணி. எங்க போச்சு?"

"உன்ற கொடுமையிலதான் போச்சு! வா, எந்த மகராசி உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தாளோ, அவகிட்டயே கேக்கறேன்."

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் சௌம்யாவுக்குச் சின்ன வயசு. பொன்னம்மா கொட்டித் தீர்த்தாள். தாகத்தில் வாட்டுகிறாள், கட்டின புருஷனைக் கெஞ்ச வைக்கிறாள், கல் நெஞ்சுக்காரி.

சௌம்யா முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மேஜைமேல் வைத்தாள்.

"சார், இது என்ன? சொல்லுங்க."

மாணிக்கவாசகம் டம்ளரைப் பார்க்கவில்லை. சௌம்யாவையும் பார்க்கவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் வந்துவிடும் என்று நிம்மதியாகக் காத்திருந்தார்.

பொன்னம்மா பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சௌம்யா பார்த்தது அந்த மூடிய வாயை மட்டும்தான்.

"இவருக்குக் கத்துக்க முடியாம இல்லம்மா. நல்லாவே கத்துக்கறாரு. வாயத் திறந்தாத்தான் கிடைக்கும்னு போன மாசம் கத்துக்கிட்டாரு. சும்மா உக்காந்தாலே கிடைக்கும்னு இப்ப கத்துக்கிட்டிருக்காரு. வீட்ல கேக்காமலே குடுக்கறது யாரு?"

பொன்னம்மா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

காவேரி, கணவரின் பார்வை போன பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் மேடம். மனசு கேக்கல."

"என்னம்மா நீங்க! அத்தனை தடவை சொன்னேனே! அவரு வேலை போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

சௌம்யா திட்டி முடிக்கும்வரை காவேரி நிமிரவில்லை.

வெளியே ஆட்டோவுக்கு நிற்கும்போது பொன்னம்மா காவேரியின் கையைப் பிடித்தாள்.

"ஏம்புள்ள என்னையக் காட்டிக் குடுக்கல?"

"குடுத்திருந்தா நீங்க நாளைக்கே ஊருக்கு பஸ் ஏறிடுவீங்க அண்ணி. எங்கிட்ட அவரு வேற வழியில்லாமதான் வாயத் திறந்தாரு. உங்ககிட்டன்னா ஆசையாக் கேப்பாரு. நாளையிலிருந்து டம்ளர் உங்க கையில இருக்கட்டும்."

மறுநாள் காலை மாணிக்கவாசகம் அக்காவைப் பார்த்தார். பொன்னம்மா டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவர் இன்னும் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது, டம்ளர் மட்டும் நகரவில்லை.

"கேளு சாமி. அக்காகிட்டக் கேளு."

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ பாப! இவ அவளுக்கு மேல இருக்கா!"

தசரா முடிந்து, 1995 அக்டோபர் 9, திங்கட்கிழமை, காலை ஷிப்டுக்கு மாணிக்கவாசகம் மில் கேட்டில் நின்று ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, வாட்ச்மேனிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.