சாத்துக்குடிச் சாறு

தம்ளர் உதட்டருகே வந்துவிட்டது. சாத்துக்குடி வாசனைக்கு அவள் நாக்கில் நீர் ஊறியது.

மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான்.

"குடி தங்கச்சி. ஜெயிச்சிட்டோம்ல" என்றார் வியாபாரிகள் சங்கத் தலைவர் சௌந்தரபாண்டியன். ஒரு கையில் தம்ளர், மறு கையில் மைக். முகம் மட்டும் கேமராக்காரர்கள் பக்கம்.

புதுப் பஸ்ஸுக்குத் தனிப்பாதை போடப் போகிறார்கள். நடுரோட்டில் பஸ் மட்டும் பறக்குமாம். அதற்காக இரண்டு பக்கமும் கடைகளில் பத்தடி பத்தடி இடிப்பார்கள் என்று தெரிந்ததிலிருந்து ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது.

அவளுக்கு பஸ்மீது என்ன கோபம்? தினமும் பஸ் கூட்டத்தில் நசுங்கி வந்து கடை திறக்கிறவள்தான். ஆனால் அவளுடைய தையல் கடையின் மொத்த நீளமே பத்தடி.

உண்ணாவிரதம் என்று முடிவானதும் சங்கத்து ஆண்களுக்கெல்லாம் திடீரென்று சர்க்கரை வந்துவிட்டது. சிலருக்கு ரத்தக்கொதிப்பு. தலைவருக்கு இரண்டும்.

மிஞ்சியது அவள்தான்.

"நீ உட்காரு தங்கச்சி. உன் கடை என் பொறுப்பு" என்று அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னார். நம்பினாள். கூடப் பிறந்தவன் சொன்ன மாதிரி நம்பினாள்.

கிழக்கு வரிசையில், அவள் கடை வாசலிலேயே பந்தல் போட்டார்கள். வாடிய முகம் பேப்பரில் வந்தது. அதைப் பார்த்துத்தான் அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். சலவை வேட்டி கட்டிக்கொண்டு தலைவர் போனார். இப்போதுதான் திரும்பி வந்தார்.

வந்ததும் மைக்கைப் பிடித்தார். இரண்டு பக்கமும் இடிக்கிற பேச்சே இனி இல்லை. ஒரு பக்கம் மட்டும்தான். மேற்கு வரிசையில் ஒரு செங்கல்லைக்கூடத் தொட மாட்டார்கள்.

கைதட்டல் காதைப் பிளந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும்.

அங்கே முதல் கட்டடம் சௌந்தரபாண்டியனின் மூன்று மாடி ஜவுளிக்கடை.

அவள் முதுகுக்குப் பின்னால் கிழக்கு வரிசைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூட்டுக்கடை பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழக்கே எத்தனை அடி போகும் என்று தலைவர் சொல்லவில்லை. பத்தும் பத்தும் இருபது என்று கணக்குப் போட யாருக்கும் தெரியும்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பாவி, என் பட்டினியைக் கொண்டுபோய் விற்றுவிட்டாயே என்று மனசு கிடந்து கொதித்தது.

"சீக்கிரம் தங்கச்சி. போட்டோ எடுக்கணும்ல."

தம்ளரை வாங்கினாள். பந்தல் காலைப் பிடித்து எழுந்து நின்று, அதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"நீங்க குடிங்கண்ணே. உங்களுக்குத்தான் ரொம்பப் பசி."

கேமராக்கள் அதையும் எடுத்தன.

தலைவர் சிரித்துச் சமாளித்தார். பிறகு மைக்கை அணைத்தார். கடையடைப்பு முடிந்ததென்று மேற்கு வரிசையில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறின. சங்கத்துச் செலவில் போட்ட பந்தலை ஆட்கள் வந்து பிரிக்க ஆரம்பித்தார்கள்.

அவள் திரும்பப் பாயில் உட்கார்ந்தாள்.

"எந்திரிங்கக்கா, மேல கீத்து விழுந்துரும்" என்றான் பந்தல்காரன்.

தலைக்கு மேலே ஒரு கீற்று விலகி வெயில் விழுந்தது. அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.