கழற்றிய போர்வை

"அந்தப் போர்வையைக் கழட்டுங்க. அதுல இருக்கிற பூவெல்லாம் என்னோடது. யாரோ திருடியிருக்காங்க" என்றார் ஓவியரம்மா.

துணியில் அச்சுப் பதித்தே தலை நரைத்தவர். குடியிருப்பில் நடந்த கைவேலைக் கண்காட்சியில் அவர் வைத்ததுதான் சட்டம். பொறுப்பாளர் மறுபேச்சில்லாமல் அதைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தையல்காரி அந்தப் போர்வையோடு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"இது உன்னோடதா?"

"உங்களோடதுதான்க்கா. அச்சு சரியா விழலைன்னு நீங்க தூக்கிப் போட்ட துணியெல்லாம் பொறுக்கி, வெட்டித் தச்சேன். முழங்கால் குளிருதுன்னீங்களே. கடைசி நாள் எல்லார் முன்னாடியும் குடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள யாரோ திருட்டுன்னுட்டாங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. உங்க பேச்சுன்னா நம்புவாங்க."

ஓவியரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். கடவுளை நினைத்துக்கொண்டார்.

"சொன்னது நான்தாம்மா."

தையல்காரி போர்வையைப் பிரித்து, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தவரின் முழங்காலில் விரித்தாள். சுருங்கிய ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"நீளம் போதுமாக்கா?" என்று கேட்டாள்.